நாலு பேருக்கு ஒரு முட்டிவலி

கோரைக்குளத்தில் மொத்தம் எத்தனை முழங்கால்கள் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. ஆனால் அதில் எட்டு முழங்கால்களை ஊருக்கே தெரியும். பங்குனித் திருவிழாவில் கரைமேல் அய்யனாரின் சப்பரத்தைத் தூக்கிக்கொண்டு நாலு தெருவும் சுற்றி வருகிற முழங்கால்கள் அவை. எட்டும் நாலு பேருக்குச் சொந்தம், ஆளுக்கு இரண்டு வீதம். அந்த நாலு பேருக்கும் சேர்த்து மூளை எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். சாமி காரியம் பார்க்கிறவர்களை அப்படியெல்லாம் கேட்கக் கூடாது.

சப்பரத்தின் முன்பக்கம் வலது தண்டு அடைக்கலத்துடையது. அறுபத்தொரு வயது. அதில் முப்பத்துநாலு வருஷம் அந்தத் தண்டுக்கடியில் போயிருக்கிறது. வலது தோளில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு காய்ப்பு. அதை ஊர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அவர் கல்யாண வீட்டுக்குக்கூடச் சட்டை போடாமல் போவார். முன்பக்கம் இடது தண்டு உடையப்பன். கணக்கில் புலி என்று அவரைச் சொல்வார்கள். சொல்கிறவரும் அவர்தான். பின்னால் இடது பக்கம் சேவுகன். நேரம் காலம் பார்க்காமல் அவர் தும்மக்கூட மாட்டார். பின்னால் வலது பக்கம் காத்தமுத்து. நாற்பத்தேழு கிலோ எடை. சொன்னதைச் சொன்னபடி செய்வார், சொல்லாத ஒன்றையும் செய்ய மாட்டார்.

இந்த நாலு பேருக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. தண்டு நாலு, தோள் நாலு, அதனால் எது வந்தாலும் நாலாகப் பிரிக்க வேண்டும். ஒருமுறை ஊர்ப் பொதுவில் அவர்களுக்கு ஒரு டார்ச் லைட் கொடுத்தார்கள். ஒருவர் குழலை எடுத்துக்கொண்டார், ஒருவர் பல்பை எடுத்துக்கொண்டார், மற்ற இரண்டு பேரும் ஆளுக்கொரு பேட்டரியை எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து இருட்டில் போவதென்றால் நாலு பேரும் சேர்ந்துதான் போக வேண்டியிருந்தது. அதையும் அவர்கள் பெருமையாகவே சொல்வார்கள்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. அடைக்கலம் "ஏய்... வலம்! ஏய்... இடம்!" என்று குரல் கொடுத்து முதல் அடி வைத்தால்தான் மற்ற மூன்று பேரின் கால் நகரும். அவர் குரல் இல்லாமல் ஓர் அடி வைத்துப் பழக்கமே கிடையாது.

இப்படி இருக்கும்போது, மாசி மாதம் ஒரு காலையில் அடைக்கலம் பாயைவிட்டு எழுந்தார். எழுந்தார் என்றால் ஒரேயடியாக அல்ல. முதலில் சுவரைப் பிடித்தார், அப்புறம் மனைவி பஞ்சவர்ணத்தைப் பிடித்தார். கடக்முடக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

"வாசல்ல மாட்டுவண்டி போகுதா?" என்றார்.

"உங்க வலது முட்டிங்க அது. பத்து நாளா போய்க்கிட்டுத்தான் இருக்கு" என்றாள் பஞ்சவர்ணம்.

காலையில் எழுந்ததும் முட்டி இறுகிக் கிடக்கும். கொஞ்சம் நடமாடினால் விட்டுக்கொடுக்கும். கண்மாய்க் கரை ஏறி இறங்கினால் மறுபடி வலி எடுக்கும். ஊரில் எல்லோரும் அவர் நொண்டுவதைப் பார்த்தார்கள். அதிகம் பார்த்தவன் முத்தரசன். இருபத்தெட்டு வயது, கட்டுமஸ்தான உடம்பு. எதிரே வரும்போதெல்லாம் அடைக்கலத்தின் முகத்தைப் பார்க்காமல் அவர் தோளைப் பார்த்தே பேசுவான்.

"ஏன் மாமா சிரமப்படுறீங்க? தண்டை நான் பாத்துக்கிறேன், நீங்க வீட்டுல இருந்து சாமி கும்பிடுங்க" என்றான்.

விஷயம் ஊர்த் தலைவர் வைரவன் அம்பலத்தின் காதுக்குப் போனது. அம்பலம் அடைக்கலத்தைக் கூப்பிட்டு விட்டார்.

"இந்தா பாரு அடைக்கலம், நொண்டுற காலோட சப்பரத்தைத் தொடக் கூடாது. சாமி சாஞ்சா ஊருக்கு ஆகாது. திருவிழா அன்னைக்குக் காலையில, கோயில் மண்குதிரையிலேருந்து புளியமரம் வரைக்கும் என் கண்ணு முன்னால நீ நடக்கணும். நொண்டினியோ, தண்டு முத்தரசனுக்கு."

அன்றைக்கு மத்தியானம் அடைக்கலம் மூன்றாவது தடவை சோறு போட்டுக்கொள்ளவில்லை. அவர் எவ்வளவு நொந்து போயிருக்கிறார் என்று பஞ்சவர்ணத்துக்குப் புரிந்துவிட்டது. அந்தத் தண்டு போனால் அவருக்கு ஊரில் வேறு என்ன இருக்கிறது? மறுநாள் டவுனுக்குப் போய் டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பி வைத்தாள். திருவிழாவுக்கு அன்றைக்குச் சரியாக நாற்பத்துநாலு நாள் இருந்தது.

டவுன் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற நர்ஸ் எஸ்தர் நிமிர்ந்து பார்த்தாள். நாலு பேர் வரிசையாக நின்றார்கள்.

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

"எங்க நாலு பேருக்கும் ஒரு முட்டி வலிக்குதும்மா" என்றார் உடையப்பன்.

எஸ்தர் பேர், வயது, எடை, எந்தக் கால் என்று கேட்டு எழுதிக்கொண்டு உள்ளே அனுப்பினாள்.

டாக்டர் தமயந்தி எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். "ரெண்டு எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி குருத்தெலும்பு இருக்கும். உங்களுக்கு அது தேஞ்சுபோயிருக்கு. மூட்டுத் தேய்மானம்னு சொல்லுவோம்."

"எங்க முட்டியிலேருந்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தா சரியாயிடுமா டாக்டரம்மா?" என்று சேவுகன் கேட்டார். கேட்டதோடு நிற்காமல் வேட்டியையும் முட்டிக்கு மேல் தூக்கிக்கொண்டார்.

"அதெல்லாம் முடியாது, வேட்டியை இறக்குங்க. தேஞ்சது மறுபடி வளராது. ஆனா வலியைக் கட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு நல்லாவே நடமாடலாம். நான் சொல்றதைக் கேளுங்க. உடம்பு எடை பத்து கிலோ குறையணும். ஒரு கிலோ குறைஞ்சா முட்டிக்கு நாலு கிலோ பாரம் குறையும்."

"நாலு கிலோ!" என்று உடையப்பன் மற்றவர்களை அர்த்தத்தோடு பார்த்தார். தாங்கள் நாலு பேர் என்பது டாக்டரம்மாவுக்கே தெரிந்திருக்கிறதே என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

டாக்டர் தொடர்ந்தார். "தினம் அரைமணி நேரம் சமதரையில நடக்கணும். வலிக்குதுன்னு படுத்துட்டா இன்னும் இறுகிப்போகும். தொடைச் சதை பலமானாத்தான் முட்டியைத் தாங்கும். அதனால நாற்காலியில உட்கார்ந்து காலை நேரா நீட்டி, பத்து எண்ணி, இறக்கணும். ஒரு நாளைக்கு முப்பது தடவை. நடக்கும்போது இடது கையில கம்பு. காலையில வெந்நீர் ஒத்தடம். தரையில சம்மணம் போடாதீங்க, குத்த வெச்சு உட்காராதீங்க. முக்கியமா, காலை மடக்கிக்கிட்டு ஒரே இடத்துல ரொம்ப நேரம் உட்காரவே கூடாது."

"சப்பரம் தூக்கலாமா டாக்டரம்மா?" அடைக்கலத்தின் குரல் உள்ளே போயிருந்தது.

"ஆறு வாரத்துக்குப் பாரமே தூக்கக் கூடாது. சொன்னதையெல்லாம் ஒழுங்கா செஞ்சுட்டு வாங்க. அப்புறம் பார்த்துச் சொல்றேன்."

எஸ்தர் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். வெளியே வந்ததும் முதல் வேலையாக அந்தச் சீட்டை நாலாகக் கிழித்து ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து ஆலோசனை நடந்தது.

"முதல்ல எடை. பத்தை நாலால வகுத்தா ஆளுக்கு ரெண்டரை கிலோ" என்றார் உடையப்பன்.

"அரைமணி நடை?"

"முப்பது நிமிஷம். ஆளுக்கு ஏழரை."

சேவுகன் எழுந்து நின்றுவிட்டார். "ஏழரையா? நான் வரல. இப்பத்தான் போன வருஷம் எனக்கு ஏழரைச் சனி விட்டுச்சு. மறுபடி தினமும் ஒரு ஏழரையா?"

நியாயமான பயம்தான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். எட்டு நிமிஷமாக வைத்துக்கொள்ளலாமா என்று பார்த்தார்கள். நாலு எட்டு முப்பத்திரண்டு. இரண்டு நிமிஷம் மிச்சம் விழுகிறது, அதை யார் தலையில் கட்டுவது? இரண்டு பஸ் வந்து போய்விட்டது. மூன்றாவது பஸ் வருவதற்குள் காத்தமுத்து வாயைத் திறந்தார்.

"ஏழு நிமிஷம் நடந்துட்டு உட்கார்ந்துருவோம். அப்புறமா எழுந்து தனியா அரை நிமிஷம் நடப்போம். சனிக்குத் தெரியாது."

காத்தமுத்துவுக்கு இவ்வளவு புத்தி இருக்கும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. அடைக்கலம் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"எல்லாம் சரி, வலியை என்ன பண்றது?" என்றார் உடையப்பன். "அண்ணன் ஒருத்தரே சுமக்கிறாரு. இத்தனை நாளா நாம அதை யோசிக்கவே இல்லையே!"

மூன்று பேருக்கும் முகம் தொங்கிப்போனது. கடைசியில் நொண்டலுக்கு முறை வைத்தார்கள். நாளைக்கு அடைக்கலம், மறுநாள் உடையப்பன், அதற்கடுத்த நாள் சேவுகன், நாலாம் நாள் காத்தமுத்து. பிறகு மறுபடி அடைக்கலம். முறை உள்ளவர் நொண்டுவார். மற்றவர்கள் நேராக நடக்க வேண்டும், அடைக்கலம் உட்பட.

தனக்கு இப்படி மூன்று தம்பிகள் வாய்த்திருக்கிறார்களே என்று அடைக்கலம் அவர்களைப் பெருமையாகப் பார்த்தார். பஸ்ஸில் ஏறும்போது வலது காலைத் தூக்க முடியாமல் தூக்கினார்.

ஊருக்கு வந்ததும் ரேஷன் கடைக்குப் போய், அரிசி மூட்டை நிறுக்கிற தராசில் நாலு பேரும் ஒன்றாக ஏறி நின்றார்கள். அடைக்கலம் எண்பத்துநாலு, உடையப்பன் எழுபத்தெட்டு, சேவுகன் அறுபத்திரண்டு, காத்தமுத்து நாற்பத்தேழு என்று தனித்தனியாகவும் நிறுத்து எழுதலாம் என்றார் கடைக்காரர். அப்படிப் பிரித்துப் பார்ப்பது மரியாதையில்லை என்று சொல்லிவிட்டார்கள். மொத்தம் இருநூற்று எழுபத்தொன்று என்று மட்டும் சுவரில் கரியால் எழுதினார்கள்.

பிறகு கம்பு வாங்கினார்கள். நல்ல மூங்கில் கம்பு, நாலடி நீளம். நாலாக வெட்டியதில் ஆளுக்கு ஓரடி கிடைத்தது. எல்லோரும் இடது கையில் பிடித்துக்கொண்டார்கள். கம்பு தரையைத் தொடவில்லை என்பதைக் காத்தமுத்து கவனித்துச் சொன்னார். கையில் பிடிக்கச் சொன்னார்களே தவிர, தரையைத் தொட வேண்டும் என்று சீட்டின் நாலு துண்டிலும் எழுதியிருக்கவில்லை. அடைக்கலத்துக்கு மட்டும் நடக்கும்போது ஊன்றிக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது. இடது பக்கம் நின்ற காத்தமுத்துவின் தலை கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்ததால் அதை ஊன்றிக்கொண்டார்.

தினமும் காலையில் கண்மாய்க் கரைக்குக் கீழே சமதரையில் நடை. முதலில் அடைக்கலம் தன் ஏழு நிமிஷத்தை நடந்து, உட்கார்ந்து, எழுந்து, அரை நிமிஷம் நடப்பார். அடுத்து உடையப்பனின் முறை. அவர் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு அப்படியே நிற்பார்.

"நடடா" என்பார் அடைக்கலம்.

"குரல் குடுங்கண்ணே."

வேறு வழியில்லாமல் அடைக்கலம் கூடவே நடந்து "ஏய்... வலம்! ஏய்... இடம்!" என்று குரல் கொடுப்பார். அது முடிந்தால் சேவுகனுக்கு. அது முடிந்தால் காத்தமுத்துவுக்கு. நாலு பேர் பங்கும் முடிந்து திரும்பும்போது அடைக்கலத்துக்கு வேர்த்துக் கொட்டியிருக்கும். "என் பங்கு ஏழரை நிமிஷம்தானே, எப்படி இப்படி வேர்க்குது?" என்று அவருக்கு ஒரே ஆச்சரியம்.

அடுத்தது நாற்காலி. வீட்டில் இருந்தது ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. முப்பது தடவையை நாலாகப் பிரித்தால் இங்கேயும் அந்த ஏழரை வந்து நின்றது. காலை ஏழு தடவை முழுசாகத் தூக்கி, எட்டாவது தடவை பாதி வரைக்கும் தூக்கினால் போதும் என்று முடிவானது. அடைக்கலம் முடித்துவிட்டு எழுவார். உடையப்பன் உட்காருவார். அடைக்கலம் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து காலை நீட்டிக் காட்டிப் பத்து எண்ணினால்தான் அவர் கால் நீளும். மற்ற இரண்டு பேருக்கும் அப்படியே. வெந்நீர் ஒத்தடத் துணியும் வரிசையாக நாலு முட்டிக்குப் போகும். காத்தமுத்துவிடம் வரும்போது அது ஐஸ் வைத்த துணியாக இருக்கும். அவர் அதையும் முட்டியில் வைத்துக்கொண்டு, "ஆகா, சூடு" என்று சொல்லிவிட்டுத்தான் எடுப்பார்.

பஞ்சவர்ணம் இதையெல்லாம் ஒரு வாரம் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டு பார்த்தாள், சிரித்துக்கொண்டும் பார்த்தாள். எட்டாம் நாள் மத்தியானம் அடைக்கலத்தின் தட்டில் வழக்கமான சோற்று மலைக்குப் பதிலாக ஒரு சின்ன மேடுதான் இருந்தது. பக்கத்தில் கீரையும் அவரைக்காயும் நிறைய இருந்தன.

"மிச்சச் சோறு எங்கடி?"

"நாலா பிரிச்சுட்டேன். மூணு பங்கு உங்க தம்பிங்களுக்குப் போயிருக்கு. எல்லாம் பொதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

தன் கட்டுப்பாட்டைத் தானே மீறுவதா? அடைக்கலம் அவரைக்காயை மென்றார். அந்த மூன்று பங்கையும் உடையப்பன் ஒருவரே சாப்பிட்டார் என்பது பின்னால்தான் தெரிந்தது. சேவுகனுக்கு அன்றன்றைக்கு ஏதாவது ஒரு விரதம். காத்தமுத்துவுக்கோ யாரும் "சாப்பிடு" என்று சொல்லவில்லை.

நொண்டல் முறைதான் அடைக்கலத்துக்குப் பெரிய சோதனையாக இருந்தது. பதினாறாம் நாள் காலையில் வலி தாங்காமல், வீட்டுக்குப் பின்னால் வைக்கோல் போர் மறைவில் யாருக்கும் தெரியாமல் நாலு அடி நொண்டினார். காத்தமுத்து பார்த்துவிட்டார்.

"அண்ணே, இன்னைக்கு என் முறை."

"தெரியும்டா. கொஞ்சூண்டுதான்..."

"நீங்க நொண்டினா என் பங்கை நீங்க எடுத்துக்கிட்டதா ஆகும். நான் என்ன பாவம் பண்ணினேன்? என்னை ஒதுக்காதீங்கண்ணே." காத்தமுத்துவின் குரல் உடைந்தது.

அடைக்கலத்துக்குக் கண் கலங்கியது. பாதி வலியால், பாதி பாசத்தால். வைக்கோல் போரிலிருந்து வீடு வரைக்கும் நேராக நடந்தார். காத்தமுத்து அவருக்குப் பின்னால் நிம்மதியாக நொண்டிக்கொண்டு வந்தார்.

நடுவில் ஒரு கெடாவெட்டு விருந்துக்குப் போய்விட்டு வந்து காத்தமுத்துவுக்கு மூன்று நாள் வயிற்றுப்போக்கு. நாலு கிலோ இறங்கிவிட்டது. உடையப்பன் அவருக்கு மாலை வாங்கிப் போட்டார். "நம்ம நாலு பேருலயும் அண்ணனுக்காக உசுரைக் குடுத்து உழைக்கிறவன் இவன் ஒருத்தன்தான்" என்றார்.

நாற்பத்திரண்டாம் நாள் மறுபடி தராசில் ஏறினார்கள். அடைக்கலம் ஆறு கிலோ குறைந்திருந்தார், காத்தமுத்து நாலு, சேவுகன் இரண்டு. உடையப்பன் இரண்டு கிலோ கூடியிருந்தார். மொத்தம் இருநூற்று அறுபத்தொன்று. பத்து கிலோ சுத்தமாகக் குறைந்திருந்தது! டாக்டரம்மா சொன்னபடியே நடந்துவிட்டது என்று நாலு பேரும் தராசின் மேலேயே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அங்கேயிருந்து நேராக டவுனுக்குப் போனார்கள்.

அன்றைக்கு உடையப்பனின் முறை. அவர் சுவரைப் பிடித்து நொண்டி நொண்டி உள்ளே வர, அடைக்கலம் பின்னால் நேராக நடந்து வந்தார். டாக்டர் தமயந்தி உடையப்பனைப் பார்த்தார். "உங்களுக்கு எப்பலேருந்து?"

"நேத்து ராத்திரி பன்னெண்டு மணியிலேருந்து. இன்னைக்கு ராத்திரி பன்னெண்டுக்குச் சரியாயிடும் டாக்டரம்மா" என்றார் உடையப்பன்.

டாக்டர் அதை விட்டுவிட்டு அடைக்கலத்தின் முட்டியை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார், தொடையை அழுத்திப் பார்த்தார். "அட, சதை நல்லா பலமாயிருக்கே! எடையும் குறைஞ்சிருக்கு. காலையில இறுக்கம் இருக்கா?"

"கொஞ்சம் இருக்கு. அஞ்சு நிமிஷத்துல விட்டுருது." அடைக்கலத்துக்குப் பொய் பிடிக்காது. தலையைக் குனிந்துகொண்டார். "ஆனா டாக்டரம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு. நீங்க அரைமணி நேரம் நடக்கச் சொன்னீங்க. நான் தினமும் ஏழரை நிமிஷம்தான் நடந்தேன்."

பக்கத்தில் சேவுகன் சட்டென்று காதைப் பொத்திக்கொண்டார்.

"மிச்ச நேரம் என்ன பண்ணினீங்க?"

"மிச்ச நேரம் இவங்க மூணு பேரும் நடந்தாங்க."

"அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"கூடவே நடந்துக்கிட்டு இருந்தேன். குரல் குடுக்கணும்ல?"

டாக்டர் மேஜை மேல் இருந்த தண்ணீரை எடுத்து முழுசாகக் குடித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். "எதையும் மாத்தாதீங்க. சாகிற வரைக்கும் இப்படியே செய்ங்க. சப்பரம் சின்னதுதானே? இடையிடையே இறக்கி வெச்சு நாலு தெரு போகலாம். வலிச்சா உடனே விட்டுடணும்."

திருவிழா வந்தது. காலையில் மண்குதிரை பக்கத்தில் அம்பலம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முத்தரசன் தோளில் எண்ணெய் தடவிக்கொண்டு தயாராக நின்றான். பஞ்சவர்ணம் கூட்டத்தில் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். புளியமரம் அறுபது அடி தூரம்தான். அடைக்கலத்துக்கு அது அறுபது மைல் மாதிரி தெரிந்தது. முட்டி லேசாக முணுமுணுத்தது. ஆனால் அன்றைக்கு நாற்பத்துநாலாம் நாள், காத்தமுத்துவின் முறை. தம்பியின் பங்கைத் திருடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடைக்கலம் நடந்தார். "ஏய்... வலம்! ஏய்... இடம்!" என்று தனக்குத் தானே குரல் கொடுத்துக்கொண்டு, ஓர் அடி பிசகாமல் புளியமரத்தைத் தொட்டார்.

கூட்டம் கைதட்டியது. அம்பலம் எழுந்து வந்து தலையில் பரிவட்டம் கட்டினார். பஞ்சவர்ணம் முந்தானையை வாயிலிருந்து எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முத்தரசன் எண்ணெய்த் தோளைத் துண்டால் துடைத்தான். முதல் ஆளின் நடையை ஊரே பார்த்ததே தவிர, கடைசி ஆள் காத்தமுத்துவின் நடையை ஒருத்தரும் பார்க்கவில்லை.

சப்பரம் எழுந்தது. அடைக்கலத்தின் தோள் காய்ப்பில் தண்டு வந்து பொருந்தியதும் அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. முதல் அடி வைத்தார். பின்னால் காத்தமுத்து தன் முறையை ஒரு குறையும் வைக்காமல் நொண்ட ஆரம்பித்தார். அடிக்கு ஒரு தரம் சப்பரம் வலது பக்கம் இறங்கி ஏறியது. உள்ளே அய்யனாரும் கூடவே இறங்கி ஏறினார்.

"ஏ பாருங்கப்பா, சாமி ஆடி வருது!" என்று ஒரு கிழவர் கத்தினார். அவ்வளவுதான், குலவைச் சத்தம் வானத்தைத் தொட்டது. கோரைக்குளத்தின் சரித்திரத்திலேயே சாமி இவ்வளவு அழகாக ஆடி வந்ததில்லை என்று அம்பலமே கன்னத்தில் போட்டுக்கொண்டார். நாலு தெருவும் முடிந்து சப்பரத்தைக் கோயில் பந்தலில் இறக்கினார்கள். கூட்டம் கலைந்தது. பூசாரி வேளார் அசதியில் அங்கேயே ஓரமாகப் படுத்துத் தூங்கிவிட்டார்.

விடிந்ததும் நாலு பேரும் மாலைகளை எடுக்க வந்தார்கள். அடைக்கலம் சாமியைப் பார்த்தார். அய்யனார் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார்.

"உடையப்பா, சாமி சாஞ்சிருக்காரு. அதுவும் வலது பக்கமா."

நாலு பேரும் சப்பரத்தைச் சுற்றி வந்தார்கள். அய்யனார் வழக்கம்போல ஒரு காலைத் தொங்கவிட்டு, ஒரு காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்.

"நேத்து அண்ணன் நொண்டவே இல்ல. அவ்வளவு வலியும் எங்க போச்சு?" என்றார் சேவுகன் மெதுவாக.

உடையப்பன் விரல் விட்டு எண்ணினார். "தண்டு நாலு, தோள் நாலுன்னு இத்தனை வருஷமா தப்பா கணக்குப் போட்டுட்டோம். சப்பரத்துல நாம அஞ்சு பேரு. அஞ்சாவது பங்கை அவரு எடுத்துக்கிட்டாரு."

"எடுத்துக்கிட்டவரு சும்மாவா இருக்காரு?" என்றார் காத்தமுத்து. "காலை மடக்கிக்கிட்டு ஒரே இடத்துல ரொம்ப நேரம் உட்காரவே கூடாதுன்னு என் துண்டுச் சீட்டுல எழுதியிருக்கு. இவரு எத்தனை வருஷமா இப்படி உட்கார்ந்திருக்காரோ!"

அடைக்கலம் குழந்தை மாதிரி விம்மினார். முப்பத்துநாலு வருஷம் தூக்கிக்கொண்டு போயும் ஒருநாள்கூட அய்யனாரின் முட்டியைப் பற்றிக் கேட்டதில்லையே! நாலு பேரும் தண்டுக்குத் தோள் கொடுத்தார்கள். வேளாரை எழுப்பத் தோன்றவில்லை. "ஏய்... வலம்!" என்று அடைக்கலம் குரல் கொடுத்தார்.

டவுன் நாலு கிலோமீட்டர். இரண்டாம் நாள் ஊர்வலம் போலிருக்கிறது என்று வழியெல்லாம் ஜனங்கள் தேங்காய் உடைத்தார்கள். இடையிடையே இறக்கி வைத்து, டாக்டரம்மா சொன்னபடியே போனார்கள். ஆஸ்பத்திரியில் முட்டிவலிக்காரர்கள் பதினாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சாமியைப் பார்த்ததும் பதினாறு பேரும் ஒன்றாக எழுந்தார்கள். அந்தக் கடக்முடக் சத்தத்தில் எஸ்தர் நிமிர்ந்தாள்.

"பேஷண்ட் பேரு?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டாள்.

"கரைமேல் அய்யனார்."

"வயசு?"

"கோயில் கட்டியே முந்நூறு வருஷம் இருக்கும்" என்றார் உடையப்பன். "வயசைச் சொல்லாதீங்க, திருஷ்டி" என்று சேவுகன் அவர் வாயைப் பொத்தினார்.

"எடை?"

"நாலு பேரும் தூக்கினா ஆளுக்கு இருபது கிலோம்மா."

"எந்தக் கால்?"

"மடக்கி வெச்சிருக்காரு பாருங்க, அந்தக் கால்."

எஸ்தர் பதினேழாம் நம்பர் டோக்கனைக் கொடுத்தாள். அடைக்கலம் அதை அய்யனாரின் மடியில் வைத்தார். முன்னால் இருந்த பதினாறு பேரும் சாமியை முதலில் போகச் சொன்னார்கள். டாக்டரம்மா வரிசை தவறினால் கோபிப்பார் என்று அடைக்கலம் மறுத்துவிட்டார்.

வெளியே என்ன சத்தம் என்று டாக்டர் தமயந்தி கதவைத் திறந்து பார்த்தார். சப்பரம் நின்றது. சந்தனமும் சாம்பிராணியும் மணந்தன. மாலைக்கு நடுவில் அய்யனார் ஒரு பக்கமாகச் சாய்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் தன்னை அறியாமல் செருப்பைக் கழற்றினார். ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

அடைக்கலம் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு பணிவாகச் சொன்னார்.

"கும்பிடுறதெல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம் டாக்டரம்மா. முதல்ல அவரு முட்டியைப் பாருங்க."